ஹாம்ஸ்டர் குட்டிகள் தங்குவதில்லை, காரணம் கண்டுபிடிக்க உதவுங்கள்

யீஷூன் வாசி:

வணக்கம். சிங்கப்பூரில் எங்கள் வீட்டில் ஒரு சிரியன் ஹாம்ஸ்டர் பெண் இருக்கிறது. தங்க நிறம், ஏழு மாத வயது, நல்ல ஆரோக்கியம். உறவினர்கள் குட்டி கேட்டிருந்ததால் நண்பர் வீட்டு ஆணுடன் சேர்த்து, அன்றே பிரித்துவிட்டோம். இதுவரை இரண்டு ஈற்று. இரண்டிலும் ஒரு குட்டிகூடத் தங்கவில்லை.

தலையீற்றில் விடியற்காலையில் குட்டிகள் பிறந்தன. கீச்சுச் சத்தம் நன்றாகக் கேட்டது. மறுநாள் மாலை பார்த்தால் கூட்டில் ஒன்றுமில்லை. தாய் தின்றுவிட்டது. இரண்டாவது ஈற்றில் ஏழு குட்டிகள். ஒரு வாரம் கொழுகொழுவென்று வளர்ந்தன, மேலே முடியும் முளைத்துவிட்டது. ஒன்பதாம் நாளிலிருந்து ஒவ்வொன்றாக வாடி, கூட்டுக்கு வெளியே செத்துக் கிடந்தன. இந்த முறை தாய் எதையும் தின்னவில்லை.

தீனி கடையில் விற்கும் விதைக் கலவை. படுக்கைக்குக் காகிதத் துகள். முதல் முறை கூண்டு சர்வீஸ் யார்டில் (துணி துவைத்துக் காயப்போடும் இடம்) இருந்தது, இரண்டாவது முறை படுக்கையறைக்கு மாற்றினோம். இரவில் ஏசி ஓடும். தொடக்கநிலை ஐந்தில் படிக்கும் மகள் "இது கெட்ட அம்மாவா?" என்று கேட்கிறாள். எனக்குப் பதில் தெரியவில்லை. வளர்த்துப் பழகியவர்கள் சொல்லுங்கள்.

தோ பாயோ எட்டு:

ஒரு தடவை குட்டியைத் தின்று ருசி கண்ட தாய் திரும்பவும் தின்னும் என்பார்கள். வேறு பெண்ணை வைத்து முயற்சி செய்யுங்கள். இன்னொன்று, பிறந்த முதல் நாளிலிருந்தே குட்டிகளைக் கையில் எடுத்துப் பழக்க வேண்டும். வெளிநாட்டில் எலி வளர்ப்பவர்கள் அப்படித்தான் செய்கிறார்கள், வீடியோ நிறைய இருக்கிறது. மனித வாசனை பழகிவிட்டால் தாய் பயப்படாது.

கூண்டுக்காரி:

தோ பாயோ தம்பி, இதை அப்படியே விட்டுவிட முடியாது. யாராவது படித்துவிட்டு நாளைக்கே குட்டியைத் தூக்குவார்கள். எலி வேறு, ஹாம்ஸ்டர் வேறு. வளர்ப்பு எலித் தாய் தனக்குப் பழகிய ஆள் குட்டியைத் தொட்டால் பெரும்பாலும் பொறுத்துக்கொள்ளும். இரண்டு எலித் தாய்கள் ஒரே கூட்டில் மாற்றி மாற்றிப் பால் கொடுப்பதும் உண்டு. சிரியன் ஹாம்ஸ்டர் தனித்து வாழும் பிராணி. கூட்டைக் கலைத்தால் அது குட்டிகளைக் கன்னப்பையில் அடைத்துக்கொண்டு இடம் தேடி ஓடும். மறைவிடம் கிடைக்காவிட்டால் கடித்துவிடும். முதல் பத்து நாள் கூட்டைத் தொடவே கூடாது. எலிக்கு எழுதின குறிப்பை ஹாம்ஸ்டருக்கு வைத்துப் பார்ப்பதால்தான் எத்தனையோ ஈற்று வீணாகிறது.

ருசி கண்டு தின்னும் என்பதும் சரியில்லை. பல நேரம் குட்டி முதலில் இறக்கிறது, பிறகுதான் தாய் தின்கிறது. அழுகும் உடல் கூட்டில் கிடந்தால் அந்த வாடை எதிரியை இழுக்கும் என்பதால் காட்டில் அது செய்ய வேண்டிய வேலைதான். அதனால் "தாய் தின்றுவிட்டது" என்பதைக் காரணமாக எடுத்துக்கொள்ளாதீர்கள். குட்டி ஏன் செத்தது, அல்லது தாய் ஏன் கைவிட்டது என்று அதற்கு முந்தின கட்டத்தைத் தேட வேண்டும்.

யீஷூன், உங்கள் மகளிடம் இல்லை என்று தைரியமாகச் சொல்லுங்கள். ஏழு குட்டியை ஒரு வாரம் கொழுகொழுவென்று வளர்த்த தாய் கெட்ட தாய் இல்லை.

நான் எப்போதும் முதலில் கேட்பது, குட்டி எந்த வயதில் செத்தது என்பதைத்தான். பிறந்த அன்றும் மறுநாளும் சாகிறவை பெரும்பாலும் பலவீனமாகப் பிறந்தவை, குளிர்ந்துபோனவை, பால் கிடைக்காதவை, அல்லது தாய் மிரண்டு கைவிட்டவை. ஒரு வாரத்துக்குள் என்றால் தாயின் பால், சத்தம், வெப்பம் இவற்றைப் பார்க்க வேண்டும். எட்டாம் நாளுக்கு மேல் கதை மாறும். குட்டி கண் திறக்காமலே கூட்டை விட்டு ஊர்ந்து வந்து தீனியைக் கொறிக்க ஆரம்பிக்கும் வயது அது. அப்போது தண்ணீர், திட உணவு, குளிர். மூன்று வாரத்துக்கு மேல் வால் நனைந்து கழிச்சலில் செத்தால் அது குடல் நோய், உடனே மருத்துவர். உங்கள் முதல் ஈற்றும் இரண்டாவது ஈற்றும் வேறு வேறு வயதில் போயிருக்கின்றன. இரண்டுக்கும் ஒரே காரணம் தேடினால் குழம்பிப்போவீர்கள்.

இதைச் சொல்லுங்கள்: இரண்டாவது ஈற்றில் குட்டிகளின் வயிற்றில் இடப்பக்கம் வெள்ளையாக ஒரு திட்டு தெரிந்ததா? முடி முளைக்கும்வரை தோல் கண்ணாடி மாதிரி இருக்கும், உள்ளே பால் நிறைந்த இரைப்பை அப்படியே தெரியும். செத்த குட்டிகள் எப்படி இருந்தன, சுருங்கியா உப்பியா? தண்ணீர் பாட்டிலின் குழாய் தரையிலிருந்து எவ்வளவு உயரம்? முதல் ஈற்றின்போது அக்கம்பக்கத்தில் ஏதாவது வேலை நடந்ததா?

யீஷூன் வாசி:

நன்றி அக்கா. வரிசையாகச் சொல்கிறேன்.

முதல் ஈற்றில் வயிறு பார்க்க முடியவில்லை. அந்த வாரம் மேல்மாடி வீட்டில் புதுப்பிப்பு வேலை, பகல் முழுக்கத் தரை உடைத்தார்கள். யார்டில் துணி துவைக்கும் இயந்திரமும் பக்கத்திலேயே இருக்கிறது. மேற்கு வெயில் விழும் இடம்.

இரண்டாவது ஈற்றில் வெள்ளைத் திட்டு நன்றாகத் தெரிந்தது, தாய் வெளியே வந்து தின்னும்போது டார்ச் அடிக்காமல் எட்டிப் பார்த்தேன். முடி முளைத்த பிறகு தெரியவில்லை. செத்தவை சுருங்கி, காய்ந்த மாதிரி இருந்தன. கழுத்துத் தோலைக் கிள்ளினால் அப்படியே நின்றது. கழிச்சல் இல்லை, வால் காய்ந்திருந்தது.

நீங்கள் கேட்ட பிறகுதான் பாட்டிலை அளந்தேன். குழாய் நுனி தரையிலிருந்து ஒரு விரல் நீளத்துக்கும் மேலே இருக்கிறது. அதன் குண்டை விரலால் தொட்டால் ஒரு சொட்டு வந்து நின்றுவிடுகிறது. நன்றாகத் தட்டினால்தான் குமிழி மேலே போய் அடுத்த சொட்டு வருகிறது.

எலிக்கூடம்:

பல வருடம் ஆய்வுக்கூடத்தில் எலி, சுண்டெலி, ஹாம்ஸ்டர் பராமரித்தவன். பாட்டில் பற்றி நீங்கள் எழுதினதைப் படித்ததும் எழுத உட்கார்ந்தேன்.

பாலூட்டும் தாய் வழக்கத்தைவிடப் பல மடங்கு தண்ணீர் குடிக்கும். குட்டி ஏழெட்டு நாள் ஆகும்போதுதான் பால் தேவை உச்சத்தை நோக்கிப் போகும். காற்று அடைத்த பாட்டிலில் தாய் எவ்வளவு நக்கினாலும் உடம்புக்குப் போதுமான தண்ணீர் கிடைக்காது. ஒரு வாரம் சமாளிக்கும், அதற்கு மேல் பால் குறையும். அதே நேரம் குட்டி காய்ந்த தீனியைக் கொறிக்க ஆரம்பிக்கிறது. பாலும் குறைந்து, தண்ணீரும் எட்டாமல் காய்ந்த தீனி மட்டும் கிடைத்தால் நீங்கள் பார்த்த மாதிரிதான் ஆகும். தோல் கிள்ளினால் நிற்பது நீர்ச்சத்து வற்றியதற்கு அடையாளம்.

நாங்கள் கூடத்தில் ஹாம்ஸ்டர் கூண்டுக்கு மட்டும் நீளக் குழாய் போடுவோம், குட்டி வாய் வைக்கும் உயரத்துக்கு. ஏழாம் நாளிலிருந்து தீனியைத் தட்டில் வைக்காமல் தரையில் கூட்டின் வாசலில் போடுவோம். வீட்டில் நீங்கள் இரண்டு பாட்டில் வையுங்கள், ஒன்று தாழ்வாக. தினமும் மட்டத்தைப் பேனாவால் கோடு போட்டுக் குறியுங்கள். கோடு இறங்காத நாள் வந்தால் அன்றே மாற்ற வேண்டும். எட்டாம் நாளிலிருந்து தோல் சீவிய வெள்ளரித் துண்டு சிறியதாகக் கூட்டுக்குப் பக்கத்தில் வைத்தால் குட்டி அதையும் சப்பும். அதிகம் வேண்டாம், வயிறு இளகிவிடும். ஆழமான கிண்ணத்தில் தண்ணீர் வைக்காதீர்கள். கண் திறக்காத குட்டி உள்ளே விழுந்தால் ஏறத் தெரியாது.

முதல் ஈற்றைப் பற்றி என் கருத்து வெப்பம். ஹாம்ஸ்டருக்குச் சொல்லப்படும் வெப்பநிலை 20 முதல் 26 டிகிரி. மேற்கு வெயில் விழும் யார்டு மதியத்தில் 32, 33 தொடும். நிறைய பேர் குட்டிக்கு முடியில்லை, அதனால் சூடு நல்லது என்று நினைக்கிறார்கள். குட்டிக்குச் சூடு வேண்டும் என்பது உண்மை. ஆனால் பால் சுரப்பதே தாயின் உடம்பில் நிறைய வெப்பத்தை உண்டாக்கும் வேலை. சுற்றிலும் 30 டிகிரி இருந்தால் அந்த வெப்பம் வெளியேற வழியில்லை. அது தீனியைக் குறைக்கும், பால் குறையும், கூட்டை விட்டு வெளியே வந்து காகிதத்தை விலக்கி வெறும் தரையில் படுக்கும். தாய் வெளியே, குட்டிகள் கூட்டில். குளிர்நாட்டுக்காரர்கள் எழுதும் குறிப்புகளில் இந்தப் பிரச்சினை வராது, நம் ஊரில் இதுதான் தினசரிப் பிரச்சினை.

செங்காங் அம்மா:

அண்ணா சொன்ன வெப்பம் சரிதான். ஆனால் அதைப் படித்துவிட்டு எல்லோரும் ஏசியைக் 21-இல் வைத்துவிடக் கூடாது. நான் பார்த்த வரை வீடமைப்பு வளர்ச்சிக் கழக (வீவக) வீடுகளில் இரண்டாம் வாரச் சாவுக்கு ஏசி காற்றும் ஒரு காரணம். பத்து நாள் குட்டி தன் உடல் சூட்டைத் தானே தக்கவைத்துக்கொள்ளாது, கூட்டமாக ஒட்டிக் கிடந்துதான் சமாளிக்கும். ஊர்ந்து வெளியே வந்து வழி தெரியாமல் நின்றுவிட்டால், நேரே மேலே காற்று அடிக்கும் கூண்டில் ஒரு மணி நேரம் போதும். யீஷூன் சொல்வதுபோல் கூட்டுக்கு வெளியே கிடந்தவை எல்லாமே தாகத்தால் மட்டும் போயிருக்காது.

ஏசி 25, 26-இல் வைத்து, கூண்டைக் காற்று நேரே படாத மூலையில், தரையிலிருந்து கொஞ்சம் உயர்த்தி வையுங்கள். இரவு முழுக்க ஓடி காலையில் அணைத்து மதியம் மூடிய அறை வெந்துபோவதுதான் எனக்குப் பெரிய கவலை. அந்த ஏற்ற இறக்கத்தைவிட, ஜன்னல் திறந்த நிழலான அறையில் காற்றாடி சுவரைப் பார்த்து ஓடுவது மேல். ஒரு பீங்கான் ஓடு கூண்டின் மறுமூலையில் இருந்தால் தாய் போய் வயிற்றை ஆற்றிக்கொண்டு திரும்பும்.

கூண்டுக்காரி:

இரண்டு பேரும் சொன்னதோடு ஒத்துப்போகிறேன். இரண்டாவது ஈற்றில் தண்ணீர்தான் முதல் காரணம், குளிர் கூடச் சேர்ந்திருக்கும். முதல் ஈற்றில் வெப்பமும் சத்தமும். எது எவ்வளவு என்று இப்போது பிரிக்க முடியாது, பிரிக்கவும் அவசியமில்லை, இரண்டையும் சரிசெய்துவிடலாம்.

சத்தத்துக்கு ஒரு வழி இருக்கிறது. சிரியன் சினைக்காலம் பதினாறு நாள், அதிலிருந்து அதிகம் தள்ளாது. ஆகவே ஈனும் தேதியை நீங்களே தேர்ந்தெடுக்கலாம். வீவக விதிப்படி உடைத்தல், துளையிடுதல் மாதிரி சத்தமான வேலைகள் வார நாளில் காலை 9 முதல் மாலை 5 வரைதான், சனி ஞாயிறு பொது விடுமுறையில் கூடாது. புதுப்பிப்பு அறிவிப்பில் எத்தனை நாள் வேலை என்று இருக்கும். அதைப் பார்த்துவிட்டுச் சேர்க்கையைத் தள்ளிப்போடுங்கள். நம் காதுக்குக் கேட்காத உயர்ந்த ஒலியும் ஹாம்ஸ்டருக்குக் கேட்கும், குட்டி தாயை அழைப்பதும் பெரும்பாலும் அந்த ஒலியில்தான். தொலைக்காட்சி, சார்ஜர் எல்லாவற்றையும் கூண்டுக்குப் பக்கத்திலிருந்து நகர்த்துங்கள்.

நம் வீடுகளுக்கென்று இன்னொன்று: வெள்ளிக்கிழமை சாம்பிராணி. ஊதுபத்தி, கொசுவர்த்தி, பூச்சி மருந்து ஸ்ப்ரே எல்லாமே இந்தக் கணக்கில் வரும். புகை குட்டியின் நுரையீரலுக்கு ஆகாது, அதோடு தாய் கூட்டை அடையாளம் காண்பதே வாசனையால்தான். குட்டி இருக்கும் இரண்டு வாரம் பூஜையறைக் கதவைச் சாத்திவிட்டு ஏற்றுங்கள், அல்லது கூண்டு உள்ள அறைக் கதவைச் சாத்துங்கள். டெங்கிக்குப் புகை அடிக்க வருகிறார்கள் என்றால் ஜன்னலையும் மூட வேண்டும். வாசனை போட்ட படுக்கைத் துகள், பைன் மரச்சீவல் வேண்டாம். கூடு கட்ட வெள்ளை டிஷ்யூவைக் கிழித்துப் போடுங்கள். கடையில் பஞ்சு மாதிரி விற்பதை வாங்காதீர்கள், அதன் இழை குட்டியின் காலில் சுற்றி இறுக்கி, காலே அழுகிப்போகும்.

தீனி பற்றியும் சொல்ல வேண்டும். விதைக் கலவை மட்டும் போட்டால் அது சூரியகாந்தியைப் பொறுக்கித் தின்றுவிட்டு மற்றதை விட்டுவிடும். சினை தெரிந்த நாளிலிருந்து உருண்டைத் தீனி முக்கால் பங்கு இருக்க வேண்டும், புரதம் 18 சதவீதத்துக்குக் குறையாமல். அதோடு அவித்த முட்டை கொஞ்சம், உப்பில்லாத தவ்ஹூ (டோஃபு), காய்ந்த புழு. பழைய, சிக்கு வாடை வரும் விதையைக் கொட்டிவிடுங்கள். எண்ணெய் கெட்டால் அதிலுள்ள வைட்டமின் ஈ போய்விடும். சினை ஹாம்ஸ்டருக்கு அந்தச் சத்துக் குறைந்தால் கருவிலேயே குட்டியின் மூளையில் இரத்தம் கசியும். பிறக்கும்போதே செத்தோ துவண்டோ பிறக்கும், தாய் தின்றுவிடும். வெளியிலிருந்து பார்க்கிறவர் தாயைத்தான் குறை சொல்வார். நம் ஈரப்பதத்தில் திறந்த பை சீக்கிரம் கெடும், சின்னப் பையாக வாங்கி இறுக மூடி வையுங்கள்.

ஹவ்காங் டுவார்ஃப்:

இதே இழையில் கேட்டுவிடுகிறேன். என்னிடம் டுவார்ஃப் (சிறிய உருவ ஹாம்ஸ்டர்) ஜோடி. கடையில் விண்டர் வொயிட் வகை என்றுதான் கொடுத்தார்கள். குட்டி ஐந்து வந்தது, மூன்று வாரத்தில் அடுத்த ஈற்று வந்து புதிய குட்டிகள் எல்லாம் மிதிபட்டுச் செத்தன. ஆணைப் பிரிக்க வேண்டுமா? ஆண் குட்டிகளை நன்றாகப் பார்த்துக்கொள்கிறது, பிரிக்க மனம் வரவில்லை.

எலிக்கூடம்:

பிரிக்க வேண்டும், ஈனுவதற்கு முன்பே. சிரியன் ஈன்ற உடனே மறுபடி சினை பிடிக்காது, டுவார்ஃப் பிடிக்கும், ஈன்ற அன்றே. ஆண் கூண்டில் இருந்தால் முதல் ஈற்றுக்குப் பால் கொடுக்கும்போதே அடுத்தது வயிற்றில் வளரும். முந்தின குட்டிகள் கூட்டைக் காலி செய்வதற்குள் புதியவை வந்துவிடும், மிதிபடாமல் என்ன செய்யும்? இரண்டு பக்கமும் ஈடுகொடுத்துத் தாயும் இளைத்துப்போகும்.

ஆண் பார்த்துக்கொள்கிறது என்று நீங்கள் சொல்வது பொய்யில்லை. டுவார்ஃபில் இன்னொரு வகையான கேம்பல் இன ஆண் பிரசவத்தின்போதே கூட இருந்து குட்டியைச் சுத்தம் செய்யும், பாலூட்டிகளில் அது அபூர்வம். அதனால் உங்கள் ஜோடி உண்மையில் விண்டர் வொயிட்தானா என்று எனக்குச் சந்தேகம். இங்கே கிடைப்பவற்றில் இரண்டும் கலந்தவை நிறைய. கலப்பில் குட்டி அளவுக்கு மீறிப் பெருத்து, பிரசவம் சிக்கி, தாயே சாவதுண்டு. வம்சம் தெரியாத டுவார்ஃபை இனிமேல் ஈன விடாதீர்கள் என்றுதான் சொல்வேன். ஒன்றாக இருந்தே ஆக வேண்டும் என்றால் இரண்டு கூண்டைப் பக்கத்தில் வையுங்கள்.

கூண்டுக்காரி:

நிறத்தையும் பார்க்க வேண்டும், அது பலருக்குத் தெரிவதில்லை. சிரியனில் ரோன் என்று ஒரு நிறம், வெள்ளையில் வண்ண முடி தூவின மாதிரி அழகாக இருக்கும். ரோனையும் ரோனையும் சேர்த்தால் சராசரியாக நான்கில் ஒன்று கண்ணே இல்லாமல் வெள்ளையாகப் பிறக்கும். அவற்றில் பல வளராது. வேறு சில நிறங்களில் இரட்டையாக மரபணு வந்தால் கரு வயிற்றிலேயே கரைந்துவிடும், பிறந்து சாகாது, ஈற்று சின்னதாக இருக்கும். ஆகவே குட்டி குறைவாகப் பிறப்பதும் பிறந்த குட்டி சாவதும் வேறு வேறு கேள்வி. யீஷூன், உங்கள் நண்பர் வீட்டு ஆண் என்ன நிறம்?

யீஷூன் வாசி:

அதுவும் தங்க நிறம்தான் அக்கா. ரோன் இல்லை.

சக்கரத்தை எடுத்துவிட வேண்டுமா? கடைசியாகச் செத்த குட்டியை உறைபெட்டியில் வைத்திருக்கிறேன், மருத்துவர் பார்த்துச் சொல்வாரா?

செங்காங் அம்மா:

சக்கரத்தை எடுக்காதீர்கள். தாய் ஓடாவிட்டால் தவித்துக் கம்பியைக் கடிக்கும், அந்தத் தவிப்பே குட்டிக்கு ஆபத்து.

கூண்டுக்காரி:

இதில் நான் ஒத்துப்போகவில்லை. குட்டியை வாயில் கவ்விக்கொண்டு சக்கரத்தில் ஏறும் தாய்களைப் பார்த்திருக்கிறேன், சக்கரத்துக்கு உள்ளேயே கூடு கட்டியதும் உண்டு. ஈனுவதற்கு இரண்டு நாள் முன் எடுத்துவிட்டுப் பத்தாம் நாள் திரும்ப வைக்கிறேன், கூண்டு பெரிதாகவும் படுக்கை ஆழமாகவும் இருந்தால் தாய் தோண்டித் தோண்டி வேகத்தைத் தணித்துக்கொள்ளும். கம்பி கடிக்கிற தாயாக இருந்தால் சகோதரி சொல்வதுபோல் விட்டுவைக்கலாம். மாடி, ஏணி இருந்தால் மட்டும் கண்டிப்பாக எடுங்கள்.

உறைபெட்டியில் வைத்ததில் திசு உடைந்துவிடும், பார்த்துச் சொல்வது கடினம். இனி அப்படி நேர்ந்தால் பையில் போட்டுக் குளிர்ப்பெட்டியின் கீழ்த்தட்டில் வைத்து, அன்றோ மறுநாளோ சிறு பிராணிகளைப் பார்க்கும் மருத்துவரிடம் கொண்டுபோங்கள். முன்கூட்டியே அழைத்து ஹாம்ஸ்டர் பார்ப்பார்களா என்று கேட்டுக்கொள்ளுங்கள், எல்லாரும் பார்ப்பதில்லை.

பாசிர் ரிஸ் ஜன்னல்:

மன்னிக்க வேண்டும், இதைச் சொல்லாமல் போக மனமில்லை. ஹாம்ஸ்டர் சொசைட்டி சிங்கப்பூர், எஸ்பிசிஏ (விலங்குவதைத் தடுப்புச் சங்கம்) மாதிரி இடங்களில் வீடு தேடிக் காத்திருக்கும் ஹாம்ஸ்டர்கள் எப்போதும் இருக்கின்றன. கரோசல் விற்பனைத் தளத்தில் "அவசரம், இலவசம்" என்று நாள்தோறும் வருகிறது. உறவினருக்குக் குட்டி வேண்டுமென்றால் அங்கே போய் எடுக்கச் சொல்லுங்கள். ஒரு ஈற்றில் பத்து பன்னிரண்டுகூடப் பிறக்கும், சிரியன் என்றால் வளர்ந்த பிறகு ஒவ்வொன்றுக்கும் தனிக் கூண்டு. இரண்டு பேருக்காகப் பன்னிரண்டு உயிரை எதற்கு உண்டாக்க வேண்டும்? வேண்டாமென்று கீழே புல்வெளியில் விட்டுவிட்டால் அது கைவிடுதல், சட்டப்படி குற்றம். முதல் முறைக்கே 10,000 வெள்ளி வரை அபராதம், 12 மாதம் வரை சிறை.

கூண்டுக்காரி:

பாசிர் ரிஸ் சொல்வதில் நியாயம் இருக்கிறது. நானே கேட்கிறவர்களிடம் முதலில் தத்தெடுக்கத்தான் சொல்வேன். குட்டி வேண்டுமென்று இனி யாரும் என்னிடம் வந்தாலும், எத்தனை பேர் பெயர் கொடுத்திருக்கிறார்கள், மிஞ்சினால் நீங்கள் எல்லாவற்றுக்கும் கூண்டு வைப்பீர்களா என்றுதான் கேட்பேன். ஆனால் இந்த இழையில் பேசும் காரணங்கள் சினையாகவே கடையிலிருந்து வந்த ஹாம்ஸ்டருக்கும் பொருந்தும். அது அடிக்கடி நடக்கிறது, அவர்கள் யாரையும் சேர்த்தவர்கள் இல்லை. அவர்களுக்கும் இது தெரிய வேண்டும்.

யீஷூன், இன்னொரு ஈற்று வேண்டுமென்றால் தாய் இரண்டு மாதமாவது ஓய்ந்து எடை திரும்பட்டும். ஒரு வயதுக்கு மேல் கூடவே கூடாது. இது கடைசியாக இருக்கட்டும். வீட்டில் யாராவது கருவுற்றிருந்தால் அதுவும் வேண்டாம். ஹாம்ஸ்டர் குட்டிகளிடம் எல்சிஎம் என்ற கிருமி இருக்கக்கூடும், வயிற்றிலுள்ள பிள்ளைக்கு அது ஆபத்து.

யீஷூன் வாசி:

எல்லாருக்கும் வணக்கம், பழைய இழையை மேலே கொண்டுவருகிறேன். ஆறு பேர் பெயர் கொடுத்த பிறகு, மேல்மாடி வேலை முடிந்ததும் மறுபடி சேர்த்தோம். கூண்டு இப்போது மகளின் படிப்பறையில், வெயில் விழாத சுவரோரம். மூடி வைக்கும் பெரிய பெட்டி, படுக்கை ஒரு சாண் ஆழம். ஈனும் நாளுக்கு மூன்று நாள் முன்பு கடைசியாகச் சுத்தம் செய்துவிட்டு, அதற்குப் பிறகு ஈரமான மூலையை மட்டும் கரண்டியால் எடுத்தேன். பாட்டில் இரண்டும் புதியவை, கோடு போட்டுக் குறிக்கிறோம். தாய் குடிக்கும் அளவு ஒவ்வொரு நாளும் ஏறுவதை மகள்தான் கண்டுபிடித்தாள்.

எட்டு பிறந்தன. இரண்டாம் நாள் ஒன்று கூட்டுக்கு வெளியே கிடந்தது, வயிற்றில் வெள்ளைத் திட்டே இல்லை. எலிக்கூடம் அண்ணாவுக்குத் தனிமடல் போட்டுக் கேட்டேன். கூட்டுத் துகளில் தேய்த்த கரண்டியால், தாய் தின்று கொண்டிருந்தபோது உள்ளே வைக்கச் சொன்னார். வைத்தேன், மறுநாள் அது இல்லை. மற்ற ஏழும் இன்று பதினொன்றாம் நாள். வெள்ளரியைச் சுற்றி மொய்க்கின்றன. ஒன்று மட்டும் மற்றவற்றில் பாதி அளவு. அதற்கு மட்டும் ஊசிக்குழலில் பசும்பால் ஊட்டலாமா?

எலிக்கூடம்:

பசும்பால் கூடாது, கழிச்சல் வரும். பதினொரு நாள் ஆகிவிட்டதால் கையால் ஊட்ட வேண்டிய கட்டம் தாண்டியது. பிறந்த வாரத்தில் என்றால் இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை, தூரிகை நுனியில் பூனைக்குட்டிப் பால்மாவு கரைத்துக் கொடுத்தாலும் பிழைப்பது அரிது. இப்போது செய்ய வேண்டியது, உருண்டைத் தீனியை வெந்நீரில் ஊறவைத்து மசித்து, ஆறவிட்டு, மூடி மாதிரி தட்டையான எதிலாவது இரவில் வையுங்கள். காலையில் எடுத்துக் கழுவிவிடுங்கள், நம் ஊரில் மதியத்துக்குள் புளித்துவிடும். சின்னது அதைத் தின்கிறதா என்று மட்டும் பாருங்கள். தின்றால் பிழைக்கும். உருவம் கொஞ்சம் சிறுத்தே இருக்கலாம்.

முதல் குட்டி போனதற்கு நீங்கள் எதுவும் செய்திருக்க முடியாது. எட்டில் ஒன்று பால் குடிக்கத் தெம்பில்லாமல் பிறப்பது நல்ல கூண்டிலும் நடக்கும்.

யீஷூன் வாசி:

தின்கிறது அண்ணா. நேற்று இரவு தட்டில் முன்காலோடு ஏறி நின்று தின்றது. எப்போது பிரிக்க வேண்டும்? ஆண் பெண் எப்படித் தெரியும்?

கூண்டுக்காரி:

மூன்று வாரம் முடிந்ததும் தாயிடமிருந்து எடுக்கலாம், சின்னது தயங்கினால் அதை மட்டும் இன்னும் இரண்டு மூன்று நாள் விடுங்கள். நான்காம் வாரம் முடிவதற்குள் ஆண் பெண் பிரிந்திருக்க வேண்டும், அந்த வயதிலேயே சினை பிடித்துவிடும். வால் பக்கம் இரண்டு துளை இருக்கும். நெருக்கமாக இருந்து வயிற்றில் இரண்டு வரிசை காம்பு தெரிந்தால் பெண். இடைவெளி அதிகமாக இருந்தால் ஆண். சந்தேகமென்றால் பெரிதாக இருப்பதோடு பக்கத்தில் வைத்து ஒப்பிடுங்கள்.

பிறகு ஆண்கள் ஒரு கூண்டு, பெண்கள் ஒரு கூண்டு, ஆறு வாரம் வரை. அதற்குள் கீச்சிட்டுச் சண்டை தொடங்கினால் அன்றே தனித்தனி. ஆறு பேருக்கும் தேதியை இப்போதே சொல்லிவிடுங்கள், வரும்போது அவரவர் கூண்டைத் தயாராக வைத்துக்கொண்டு வரட்டும். கூடவே இரண்டு வாரத்துக்கான பழைய தீனியும், தாயின் கூட்டிலிருந்து ஒரு பிடி படுக்கையும் கொடுத்து அனுப்புங்கள்.